முதுகில் எட்டு வட்டம்

ஈரக் கையோடு ஹம்தி அறையிலிருந்து வெளியே வந்தான். உள்ளே அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சஃபீனாஸ், அப்பா முதுகுல எட்டு வட்டம் கன்றிப் போயிருக்கே, என்னது?"

"ஹிஜாமா. போன வாரம் கப்பு வெச்சு கெட்ட ரத்தம் எடுத்தாங்க" என்றாள்.

அண்ணன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

அப்பா அப்துல் பாரிக்கு நான்கு வருடமாக இதயம் தாறுமாறாகத் துடித்தது. தும்யாத் நகரத்தில் பாதி வீட்டு நாற்காலிகளுக்குக் கால் கடைந்த மனிதருக்குத் தன் நெஞ்சு மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. விட்டால் இதயத்தின் மூலையில் ரத்தம் கட்டும், அது மூளைக்குப் போனால் அவ்வளவுதான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் சஃபீனாஸ்தான்.

ஆனால் தஃபீதா அத்தை இருக்கிறாளே, பிடித்தால் பிடித்ததுதான். பிறை பதினேழில் ஹிஜாமா செய்தால் எந்த நோயும் ஓடிவிடும் என்று தம்பியை நச்சரித்தாள். கப்பு வைப்பவனோ, மாத்திரை போட்டால் ரத்தம் நிற்காது, மூன்று நாள் நிறுத்துங்கள் என்றான். சஃபீனாஸ் நிறுத்தினாள். ஐந்தாம் நாள் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு ஆமாம் என்று பொய் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபின் மேல்மாடி இல்ஹாம் வந்தாள். இதய ஸ்கேன் டாக்டர், அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்ததும் அவள்தான். பெண்கள் கூட்டத்திலிருந்து அவளைப் பால்கனிக்கு இழுத்துப்போய் சஃபீனாஸ் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

இல்ஹாம் திடுக்கிடவில்லை. "முதுகைப் பார்த்தப்பவே தெரியும், மாத்திரையை நிறுத்தியிருப்பீங்கன்னு. உன் பேச்சை நம்பாமதான் தொண்டை வழியா குழாய் விட்டுப் பார்த்தேன். ரத்தம் கட்டுற அந்தப் பை சுத்தமா இருந்துச்சு. ஒரு பொட்டுக் கட்டி இல்ல."

"அப்புறம் எப்படி?"

"இதயத் தசை வருஷக்கணக்கா ஓடி ஓடித் தொய்ஞ்சு போச்சு. மூணு நாள்ல வர்றதில்ல அது. நீ செஞ்சது தப்புதான், பொய் சொன்னது அதைவிடத் தப்பு. ஆனா அவரைக் கொன்னது நீயில்ல."

அப்பா செத்த நாளில் இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று சஃபீனாஸுக்கு வெட்கமாக இருந்தது. வந்துவிட்டது, என்ன செய்ய.

அப்புறம்தான் அத்தையின் நினைவு வந்தது. காலையிலிருந்து அத்தை கூடத்துக்கே வரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குச் சர்க்கரையில்லாத காப்பி போட்டபடி அடுக்களையிலேயே கிடந்தாள், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சஃபீனாஸ் அவள் பக்கத்தில் போய் நின்று, இல்ஹாம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "சத்தியமா அவளே பார்த்தாளாமா?"

"அவ கண்ணாலயே பார்த்தா அத்தை."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். சஃபீனாஸ் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தாள். இருவருக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. யாரும் எழவில்லை.