அம்பாரத்துக்குள் சூடு

கால்வாய் பாயும் அந்தப் பாலைவன ஊரில் போன முறை அடித்த புழுதிக்காற்றில் ஒருவருடைய வரப்பு பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. வரப்பின் மேல் உட்கார்ந்து வெற்றுப்பேச்சு பேசிக்கொண்டிருந்தவரும் கூடவே போனார். ஆள் மறுநாள் வந்துவிட்டார், வரப்புதான் வரவில்லை.

ஆகவே, மூன்று நாளில் பெருங்காற்று என்று வானொலி சொன்னதும் பருத்திக்காரர் சாக்கோடு வயலில் இறங்கினார். குனிந்தால் பாத்தி முடியும்வரை நிமிரமாட்டார், தண்ணீரும் கேட்கமாட்டார் என்பதால் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். கால்வாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சி வளர்த்த செடி. வெடித்த பருத்தி காற்றோடு போனால் வருஷமே போச்சு.

பனி உலர்ந்த பிறகுதான் பருத்தி எடுக்க வேண்டும், ஈரத்தோடு குவித்தால் உள்ளே புழுங்கிச் சூடேறும். இதை இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவரே அவர்தான். ஆனால் அந்த மூன்று நாளும் விடியும் முன்பே எடுத்தார். ஈரத்தோடு வந்ததை வீட்டின் பெரிய அறையில் அம்பாரமாகக் குவித்தார். இடம் போதவில்லை. மனைவியின் தம்பியை மேலே ஏற்றி நன்றாக மிதிக்கச் சொன்னார். அந்த மைத்துனர் ஏறினால் தராசு விடுப்பு கேட்கும். அப்படி ஓர் உடம்பு.

மூன்றாம் நாள் நடுப்பகலில் வானம் செங்கல் நிறமானது. கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்தார்கள். மணல் கலந்தால் ஆலைக்காரர் பருத்தியைத் தொடமாட்டார்.

"என்னங்க, இந்தப் பருத்திக்குள்ள கைய விடுங்க," என்றாள் மனைவி.

விட்டார். முழங்கைவரை குளிர்ச்சி. அதைத் தாண்டி ஆழத்தில் ஜுரக்காரன் வயிற்றைத் தொட்டது போல் இருந்தது. தோள்வரை நுழைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதா மாமா?" என்றார் மைத்துனர்.

"நீ மிதிச்ச மிதியில காத்துகூட உள்ள போகல, மாப்ளே."

"மிதின்னு சொன்னது யாரு?"

"சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்," என்றாள் மனைவி. "கருகுற வாடை வருது."

வந்தது. மூவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அம்பாரத்தை மேலிருந்து அள்ளி அள்ளிக் கட்டிலில், பரணில், அடுப்படியில், அண்டாவுக்குள் என்று பரப்பினார்கள். நடு அம்பாரம் மஞ்சளாக வந்தது. பிறகு பழுப்பாக. கடைசியில் தலையணை அளவுக்கு ஒரு கரும்பந்து, புகையோடு.

"பிரிக்காதீங்க. காத்துப் பட்டா பத்திக்கும்," என்றார் பருத்திக்காரர்.

போர்வையை பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் முக்கி அதன்மேல் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்தார். போர்வை சீறியது.

"கதவத் தொற. நான் வெளிய போனதும் சாத்திடு."

"இந்தக் காத்துலயா?"

"இத வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு எங்க போறது?"

ஒரு சாண் திறந்தாள். அவர் பக்கவாட்டில் நுழைந்தார். கதவு முதுகிலேயே மூடியது. வெளியே பகல் என்பதற்கு அடையாளமே இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய், மூலையில் முழங்காலிட்டு, கையாலேயே குழி பறித்தார். பறித்த குழியைக் காற்று அவருக்கு முன்பே மூடியது, மறுபடி பறித்தார். மூன்றாம் முறை பந்தைப் போட்டு அதன்மேல் தானே படுத்துக்கொண்டார். வயிற்றுக்குக் கீழே சூடு மெல்ல மெல்ல அடங்கியது. அதற்குள் முதுகில் ஒரு மணல்மேடு வளர்ந்துவிட்டது.

தவழ்ந்து வந்து கதவைத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"தொறக்காத," என்று கத்தினார். வாய் நிறைய மணல் புகுந்தது. துப்பிவிட்டு, "மிச்சத்துல சூடு இருக்கா?" என்றார்.

உள்ளே காலடிச் சத்தம் ஓடியது. அறை அறையாகக் கை வைத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. 

"எல்லாம் ஆறிப்போச்சு. கட்டில்ல இருக்கறது பஞ்சு மாதிரியே இருக்கு."

"பஞ்சுதானடி அது."

"உள்ள வாங்க. கண்ணு போயிடும்."

"மணல் வந்துரும். காத்து நிக்கட்டும்."

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். கீழ் இடுக்கில் திணித்த துணி பிய்ந்திருந்தது. அதன்மேல் நன்றாக அழுந்தி அமர்ந்துகொண்டார்.