ஹால்வரின் வால்வு

இடது கையில் மூன்று நகங்களை வெட்டிவிட்டு நான்காவது விரலைப் பிடித்தபோதுதான் ஹால்வரின் மூச்சு நின்றிருப்பது அவர் மனைவி சோல்விக்குத் தெரிந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு மீதி இரண்டு நகங்களையும் வெட்டி, துணுக்குகளைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, தாதியை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று. பெர்கன் நகரில் மழை பெய்துகொண்டிருந்தது.

கணையத்தில் புற்று. எதிர்பார்த்த சாவுதான். எதிர்பாராதது மதியம் டாக்டர் மாரித் வந்து நின்றது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு ஹால்வரின் இதய வால்வு கெட்டுப்போனபோது, இறந்துபோன ஒரு பெண்ணின் வால்வை எடுத்துக் கழுவியவள் இந்த மாரித்தான். அப்போது அவள் ஆய்வு மாணவி. அந்தப் பெண்ணின் செல் ஒன்றுகூட மிஞ்சாதபடி நாட்கணக்கில் கழுவி, வெறும் வெள்ளை வலையாக நின்றதில், ஹால்வரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை விதைத்தார்கள். பிறகு அதை அவர் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்தார்கள். கொடுத்தவளுக்கு வயது பத்தொன்பது என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

ஹால்வர் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஃபெரிக் கப்பலில் என்ஜின் பார்த்தவர். "எத்தனையோ வால்வு மாத்தியிருக்கேன். தன்னைத் தானே சரி பண்ணிக்கிற வால்வு ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல," என்பார். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் "அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சோல்வியும் சிரிப்பாள். உள்ளே எங்கோ சுருக்கென்று தைக்கும். பதினாறு வருடமும் தைத்தது.

"இறந்தப்புறம் வால்வை எடுத்துப் பார்க்கலாம்னு அவரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு," என்றாள் மாரித். "ஆனா நீங்க வேண்டாம்னா வேண்டாம். அடுத்தது இந்த மாதிரி வால்வைக் குழந்தைங்களுக்கு வைக்கப் போறோம். ஸ்கேன்ல வால்வு அசையறது தெரியும். உள்ள உயிர் இருக்கான்னு தெரியாது. தெரியாம ஒரு குழந்தைக்கு வைக்க எனக்குப் பயமா இருக்கு."

ஹால்வரின் அக்கா குட்னி ஜன்னலிலிருந்து திரும்பினாள். "நாலு தடவை கீறியாச்சு என் தம்பியை. செத்தப்புறமாவது விடக் கூடாதா?"

"அவரே எழுதிக் கொடுத்திருக்காரு, குட்னி," என்றாள் சோல்வி.

"உசிரோட இருக்கிறவன் என்ன வேணா எழுதுவான்."

சோல்வி போர்வையை ஹால்வரின் மார்பு வரை இழுத்து, மடிப்பைச் சரிசெய்தாள்.

"செய்யுங்க," என்றாள். "ஆனா எனக்குக் காட்டணும்."

வியாழக்கிழமை குட்னியும் கூட வந்தாள். ஏன் வருகிறாள் என்று சோல்வி கேட்கவில்லை. ஆய்வுக்கூட வாசலிலேயே, கோட்டைக்கூடக் கழற்றாமல் குட்னி நின்றுகொண்டாள்.

"இதயத்தைத் திரும்ப அதோட இடத்துல வெச்சாச்சு," என்றாள் மாரித். "தபால்தலையில பாதி அளவுதான் எடுத்தோம்." முதலில் ஒரு பழைய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். "இது அன்னிக்குக் கழுவினப்ப எடுத்து வெச்சது."

இளஞ்சிவப்பில் அலை அலையாக இழைகள். இடையில் எதுவுமில்லை. ஆள் காலி செய்துபோன வீடு மாதிரி இருந்தது.

"இது நேத்து எடுத்தது."

அதே அலைகள். ஆனால் எங்கு பார்த்தாலும் நீலப் பொட்டுகள். இழைக்கு இழை, சந்துக்குச் சந்து, நெருக்கியடித்துக்கொண்டு. சோல்விக்கு எண்ணத் தோன்றவில்லை.

"இந்த நீலமெல்லாம்?"

"ஒண்ணொண்ணும் ஒரு செல். அத்தனையும் உங்க வீட்டுக்காரரோடது."

"இழை அந்தப் பொண்ணோடதுதானே?"

"ஆரம்பத்துல ஆமா." மாரித்தின் குரல் தானாகத் தணிந்தது. "அப்புறம் இவரோட செல்லுங்க பழைய இழையைக் கரைச்சுக் கரைச்சுப் புதுசா நூத்துக்கிட்டே இருந்திருக்கு. எது அவளோடது, எது இவரோடதுன்னு நேத்துலேர்ந்து பிரிச்சுப் பார்க்கறேன். முடியல."

சோல்வி கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எதுவரைக்கும் நூத்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

கடைசி மூன்று வாரம் அவரால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. சூப்பை இவள்தான் ஊட்டினாள். திங்கட்கிழமை இவளுடைய பெயரே அவர் நினைவில் இல்லை. அப்போதும் உள்ளே, கை நிறைய வேலையோடு, இந்த நீலப் பொட்டுக்காரர்கள் ஓயாமல் நூற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மாரித் கூரை விளக்கை அணைத்தாள். நீலம் இன்னும் துலங்கியது. எங்கிருந்தோ அகலமான நாற்காலி ஒன்றை இழுத்து வந்து போட்டாள். சோல்வி அதில் உட்கார்ந்து மறுபடி குனிந்தாள்.

வெகுநேரம் கழித்து வாசல் பக்கம் கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக அவிழும் சத்தம் கேட்டது. சோல்வி தலையைத் திருப்பாமலே நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.