முன்கூட்டியே வென்ற கரடு

லாரிக்கு பாடி கட்டுகிற ஊரில் ஒருவர் சைக்கிள் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. தீனதயாளனின் மலைச்சைக்கிள் பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து, திருச்சி ரோட்டில் அவருடைய பட்டறையிலேயே பிரிக்கப்பட்டது. ஸ்பிரிங் வேலை பார்க்கும் சின்னுசாமி குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு காலிப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடினார்.

"ஏனுங்க மொதலாளி, முன்னாடி ஸ்பிரிங் குடுத்திருக்கறான். பின்னாடி ஸ்பிரிங் பட்டையவே காணமுங்களே. பாதி வண்டிய அனுப்பிப்போட்டானுங்களா?"

"இதுக்குப் பேரு ஹார்டுடெயில், சின்னுசாமி. பின்னாடி கெட்டியாத்தான் இருக்கும். அப்பத்தான் மிதிக்கற பலம் அமுங்கி வீணாகாம நேரா சக்கரத்துக்குப் போகும்."

"பலம் சக்கரத்துக்குப் போயிருமுங்க. குழியில எறங்குனா அடி எங்கீங்க போகும்?"

வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கூட முகமூடியைத் தூக்கிவிட்டு, முதலாளி உட்காருமிடத்தைக் கவலையோடு பார்த்தார்.

"சின்னதா ரெண்டு பட்டை அடிச்சு மாட்டிரட்டுங்களா?" என்றார் சின்னுசாமி.

"கைய வெச்சுராத சாமி," என்றார் தீனதயாளன்.

அவர் சைக்கிள் வாங்கியதற்குக் காரணம் மலைமிதி மன்றம். ஊரிலுள்ள ஏழு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்துவது. மன்றத்துக்குச் சின்னம் உண்டு, சட்டை உண்டு, தலைவர் உண்டு, இரண்டு துணைத் தலைவர்கள் உண்டு. மலை மட்டும் இன்னும் அமையவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிள்களைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து பைபாஸில் இறக்குவார்கள். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு பேக்கரி வரை மிதிப்பார்கள். அங்கே பப்ஸ் தின்றபடி கொல்லிமலையைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மற்ற ஆறு பேரின் சைக்கிளிலும் பின்பக்கம் சஸ்பென்ஷன் இருந்தது. பேக்கரி வாசலில் இருந்த ஒரே வேகத்தடைக்கு அது மிகவும் பயன்பட்டது.

ஹார்டுடெயிலைப் பார்த்து அவர்கள் காட்டிய இரக்கத்தைத் தீனதயாளனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அன்று மாலையே மன்றத்தின் வாட்ஸ்அப்பில் அறிவித்தார்: வரும் ஞாயிறு எருமப்பட்டிக்கு அந்தப் பக்கமுள்ள குதிரைக்கல் கரட்டில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கப் போகிறேன், ஓரிடத்திலும் கால் ஊன்ற மாட்டேன்.

குதிரைக்கல் கரடு ஒன்றும் மலையல்ல, வெறும் பாறைக்குன்று. கொல்லிமலைக்கு முன்னால் அதை மலை என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். ஆனால் ஆடு ஏறுகிற தடம் தவிர வேறு பாதை கிடையாது. இறங்குகிற பக்கம் முழுக்கப் பெயர்ந்த கல்.

சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போன தீனதயாளன் எதிரே தன்னையே பார்த்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. கூலிங்கிளாஸ் போட்ட அவர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால், எருமப்பட்டியில் எவரும் கண்டிராத பனிமலை. 'குதிரைக்கல்லை மிதித்து முடித்த மாவீரரே, வாழ்க' என்று எழுதிக் கீழே மன்றத்தார் ஆறு பேரின் முகங்களையும் வட்டவட்டமாகப் போட்டிருந்தார்கள்.

மன்றச் செயலாளர் சிவபிரகாஷுக்குப் போன் போட்டார். அவர் முட்டை வியாபாரி. எதையும் உடைவதற்குள் தள்ளிவிட்டுப் பழகியவர்.

"என்ன சிவபிரகாஷ் இது? நான் நாளைக்குத்தான போறேன்?"

"நாளையிலிருந்து முகூர்த்தமுங்ணா. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கல்யாணத்துக்கே மூச்சு விடாம அடிச்சுட்டிருக்கான். இப்ப உட்டா ஆடி மாசந்தான் கெடைக்கும். ஒரு நாள் முன்ன பின்ன, யாருங்ணா கேக்கப் போறாங்க?"

"நான் உழுந்துட்டா?"

"உழுந்தா எந்திரிச்சுக்கலாமுங்ணா. இது அடிச்சாச்சே."

அதே நேரம் சின்னுசாமியும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தார். முதலாளி பெரிய காரியத்துக்குப் போகிறாரே என்று சைக்கிளை லாரிகளோடு வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் லாரிக்குச் செய்யும் மரியாதையை ஒன்றுவிடாமல் செய்தார்கள். பம்பு போட்டுக் கழுவினார்கள். பிறகு துருப்பிடிக்காமலிருக்க டீசலும் ஆயிலும் கலந்து அடிமுதல் நுனிவரை பீய்ச்சி அடித்தார்கள். சைக்கிள் கண்ணைப் பறித்தது. பிரேக் போட்டால் கவ்வ வேண்டிய இரண்டு டிஸ்க்கும் எல்லாவற்றையும்விட நன்றாக மின்னின.

ஞாயிறன்று மன்றத்தார் எருமப்பட்டி டீக்கடையோடு நின்றுகொண்டார்கள். சிவபிரகாஷ் மட்டும் வீடியோ எடுக்கக் கரட்டுக்கு வந்தார். தீனதயாளன் நாக்குத் தள்ள ஏறினார். உண்மையிலேயே கால் ஊன்றாமல்தான் ஏறினார். உச்சியில் ஒரு கணம் பனிமலைக்காரன் மாதிரியே இருந்தது. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் பன்றி கத்துவதுபோல் கத்தியது, ஆனால் நிற்கவில்லை. அதன்பிறகு வழியைச் சைக்கிள்தான் முடிவு செய்தது. கரட்டின் அடியில் ஒரு கோழிச்சாளை, கம்பிவலை அடித்த கொட்டகை. அதைச் சுற்றிச் சீமைக்கருவேலம் வேலி. வேலிதான் அவரை நிறுத்தியது.

சாளைக்காரி ஆத்தாயி தீவனக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, உள்ள வாரதுக்குக் கேட்டு அக்கட்ட இருக்குதுங்களே," என்றார்.

சிவபிரகாஷ் வீடியோவை அழித்துவிட்டார். "நடந்தது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுமுங்ணா. அதான் ஃப்ளெக்ஸ் இருக்குதே."

ஃப்ளெக்ஸ் இருந்தது. அதுதான் தொல்லையாகிப் போனது. பெட்ரோல் பங்கில் கை கொடுத்தார்கள். லாரி எடுக்க வந்த சங்ககிரிக்காரர் ஒருவர் சால்வையே போட்டார். போடும்போது தோளில் குத்தியிருந்த முள் இன்னும் உள்ளே இறங்கியது. தீனதயாளன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் மனைவி ரஞ்சிதா அவரைக் குப்புறப் படுக்கவைத்து இடுக்கியால் முள் எடுத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், கை நிதானம்.

"மலைய மிதிச்சவருக்கு முதுகுல எப்படிங்க முள்ளு?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப அந்த ஃப்ளெக்ஸ எறக்கிருங்க. முடிஞ்சுது."

"எறக்க மாட்டேன். அதை நெசமாக்கறேன்."

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலதான். சால்வைய மடிச்சு வெச்சிருக்கறேன். தூக்கிப் போடவும் முடியல, தொடவும் கூசுது."

ரஞ்சிதா அடுத்த முள்ளைக் கொஞ்சம் மெதுவாகவே எடுத்தார்.

அதிலிருந்து சைக்கிளை அவர் வாட்டர் சர்வீஸுக்கு அனுப்ப விடவில்லை. மனைவியின் கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கி வந்து டிஸ்க்கைத் தானே துடைத்தார். ஆயில் குடித்த பிரேக் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். செயினுக்கு ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதையும் துணியால் துடைத்தெடுத்தார். துடைப்பதற்காகவா விட்டார் என்று சின்னுசாமி குழம்பினார். டயரில் காற்றை இறக்கியபோது அவரால் பொறுக்கமுடியவில்லை.

"டயரு கல்லாட்டம் இருக்கோணுமுங்க மொதலாளி."

"கல்லு மேல கல்லு போனா எகிறத்தான் செய்யும். கொஞ்சம் மெத்துன்னு இருந்தாத்தான் புடிக்கும்."

மறு ஞாயிறு உச்சிக்கு முன்பே பின்சக்கரம் வழுக்கிக் கால் ஊன்றினார். அதற்கடுத்த ஞாயிறு இறக்கத்தில் சைக்கிள் கழுதை மாதிரி பின்பக்கத்தால் உதைத்துத் தள்ளியது. பிறகொரு ஞாயிறு பாதி இறக்கம் வந்துவிட்டு, ஆத்தாயியின் ஆடு ஒன்று குறுக்கே நின்று பார்த்ததால் விழுந்தார். மன்றம் வழக்கம்போல் பேக்கரிக்குப் போய்வந்தது. ஏற்கெனவே ஜெயித்த மனிதர் எதற்கு ஞாயிறுதோறும் எருமப்பட்டிப் பக்கம் போகிறார் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. நிலம் பார்க்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

உட்கார்ந்தபடி இறங்கினால் அடி முதுகெலும்பு வழியாக மண்டைக்கு வருகிறது என்பதை அவர் உடம்பே கண்டுபிடித்தது. எழுந்து பெடல்மேல் நின்று, முழங்காலைத் தளர்த்தி, சைக்கிளைக் காலுக்கடியில் அதன் போக்கில் ஆடவிட்டார். பட்டறையில் இரண்டு தடிப்பலகைகளைப் போட்டு அதன்மேல் ஏறி இறங்கிப் பழகினார். சின்னுசாமி நெடுநேரம் அந்த முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பப் பட்டை இருக்குதுங்க," என்றார் கடைசியில். "வண்டியோட வரல. நீங்கதான் மாட்டோணும்."

இதற்கிடையில் பட்டறை எதிரே ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு இடம் தேவைப்பட்டது. மாவீரரை இறக்கிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. தீனதயாளனும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் சைக்கிளை எடுத்தார். வாசலில் ரஞ்சிதா சொன்னார்: "அதான் எறக்கிட்டாங்களே. இன்னும் எதுக்குங்க?"

"அது எறங்கிருச்சு. நான் இன்னும் எறங்கலியே."

அன்று யாரும் உடன்வரவில்லை. தடத்தில் எந்தக் கல் உருளும், எது உருளாது என்று இப்போது அவருக்குத் தெரியும். உச்சியில் நிற்கவில்லை. நின்றால் கால் ஊன்ற வேண்டும், நின்று பார்க்கப் பனிமலையும் இல்லை. பிரேக்கை இரண்டு விரலால் தொட்டுத் தொட்டு விட்டார். அது கத்தவில்லை. பின்சக்கரம் உதைத்தது, முழங்கால் வாங்கிக்கொண்டது. கடைசிப் பாறையில் முன்சக்கரம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். செம்மண் வந்தது. வேலி வந்தது. வேலிக்கு முன்னால், அவராகவே நினைத்த இடத்தில், சைக்கிள் நின்றது. அப்போதுதான் காலை ஊன்றினார்.

மூச்சு வாங்கிய கையோடு மன்றத்தின் வாட்ஸ்அப்பில் போட்டார்: இன்று முடித்தேன்.

உடனே பதில் வந்தது. 'ரெண்டாந் தடவையா? சூப்பருங்ணா. நாங்க பேக்கரில' என்று சிவபிரகாஷ். பின்னாலேயே மற்றவர்களின் ஐந்து கட்டைவிரல்கள். இல்லை, இதுதான் முதல் தடவை என்று எழுதினார். படித்துப் பார்த்தார். அழித்துவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

ஆத்தாயி வெளியே வந்தார். "இந்தத் தடவ உழுகலியாட்டிருக்குது."

"உழுகலீங்க."

"அதானே, சத்தமே காணமேன்னு பார்க்க வந்தேன். வாங்க சாமி, தண்ணி குடிச்சுட்டுப் போலாம்."

செம்பை வாங்கிக் குடித்தவர், சாளையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மேற்குப் பக்கம் கம்பிவலை மேல் அவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். பனிமலை தரையைத் தொட்டது. சைக்கிள் அவருக்கடியில் கிடந்தது. கூலிங்கிளாஸில் கோழி எச்சம் வழிந்து காய்ந்திருந்தது.

"சந்தையில கெடச்சுதுங்க," என்றார் ஆத்தாயி. "நல்ல கெனமான சீட்டு, சாரலே உள்ள வாரதில்ல. கட்டி முடிச்சப்பறந்தான் உங்க மூஞ்சின்னு பார்த்தேன். வேணும்னா அவுத்துத் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. கோழி நனையும்."

ஆத்தாயி தலையைச் சாய்த்து அந்த எழுத்துகளைத் தலைகீழாகவே படித்தார். பிறகு முட்டியில் செம்மண்ணும் சட்டையில் வியர்வையுமாக நின்றவரைப் பார்த்தார்.

"மிதிச்சு முடிச்சதாப் போட்டிருக்குதுங்களே. நானும் பார்த்துட்டேதான் இருக்கேன், வார வாரம் வந்து உழுகறீங்க. எப்பங்க முடிச்சீங்க?"

தீனதயாளன் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பத்தானுங்க."