கிட்ட இருக்கிறவள்

கவிதாவின் குழந்தை அழ ஆரம்பித்தபோது தேவகுமாரி தன் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டாள். கையில் காப்பிப் பழம் இருந்திருந்தால் காது கேளாதவள்போல இருந்துவிடலாம். மார்பைத் திறந்து வைத்துக்கொண்டு பால் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

தலைச்சோலைக்கு மேலே இருக்கிற அந்த எஸ்டேட்டில், பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு பலா மரத்துக் கிளைகளில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். எந்தத் தூளி அழுதாலும் கிட்ட இருக்கிறவள் எடுத்துப் பாலூட்டிவிட வேண்டும். பெற்றவள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறி இறங்குகிற நேரத்தில் ஒரு செடியைப் பறித்து முடித்துவிடலாம். இதற்குப் பெண்கள் பாசம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எஸ்டேட் முதலாளிக்கும் இந்தப் பாசம் மிகவும் பிடித்திருந்தது.

தேவகுமாரிக்கு எச்.ஐ.வி. இருப்பது கர்ப்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. புருஷன் சின்னராஜ் ஓட்டுகிற ஜீப் பக்கத்து ஊர்களான வெள்ளக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் மட்டும்தான் போய்வருகிறது என்று அதுவரை அவள் நம்பியிருந்தாள். சின்னராஜ் அழுதான், காலில் விழுந்தான், அவனும் மாத்திரை போட ஆரம்பித்தான். உடம்பு தேறியதும் மீசையை முறுக்க ஆரம்பித்தான். வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமியார் வெள்ளையம்மாளிடம் அது ரத்தம் ஊறுகிற மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தார்கள். "எனக்கும் ஒன்னு குடு கண்ணு, நொம்பக் கிறுகிறுன்னு வருது" என்று அவள் கை நீட்டாத நாளில்லை.

சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸ் சுஜாதா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "மாத்திரைய ஒரு நாளும் உட்றாத. ஆறு மாசத்துக்கு உம் பாலு மட்டுந்தான். தண்ணி, மாட்டுப் பாலு, பவுடரு, எதையும் கூடக் கலந்து குடுக்காத, அதுதான் ஆபத்து. வேற பிள்ளைக்கு நீ குடுக்காத, உம் பிள்ளைக்கு வேற யாரும் குடுக்க வேண்டாம்." பிறகு அவள் தினமும் சாப்பிட வேண்டியதைச் சொன்னாள்: முட்டை, பருப்பு, கீரை, பால், பேரீச்சம்பழம். மலையில் பேரீச்சை காய்க்கிறது என்று யாரோ நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். தேவகுமாரி பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து ராகிக் களி தின்றாள். பிறந்ததிலிருந்து ஊற்றிய மருந்தைப் பையன் குடித்து முடித்தான். குதிகாலில் குத்தி எடுத்த முதல் ரத்தம் சுத்தமாக இருந்தது. இப்போது ஐந்தாம் மாதம். அவனைத் தூக்கிக்கொண்டு அவள் வேலைக்கு வந்த முதல் வாரம். அடுத்த பரிசோதனைவரை ஊர்ப் பாசத்திலிருந்து அவனைக் காப்பாற்றியாக வேண்டும்.

அதே காட்டில் பறித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் கவிதாவின் குழந்தையைத் தூக்கிவந்து மருமகள் மடியில் மறுபக்கம் வைத்தாள்.

"அவ கீழ்க்காட்டுல இருந்து ஏறி வரோணும். அந்தப் பக்கம் சும்மாதான இருக்குது, குடு."

"முடியாதுங்க அத்தே. புண்ணா இருக்குதுங்க."

வெள்ளையம்மாள் குனிந்து பார்த்தாள். பையன் கண்ணை மூடிச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தான். புண்ணுக்கு அவன் நல்ல சாட்சியாக இல்லை.

"உம்மவனுக்கு மட்டும் புண்ணு ஆறிப்போவுதாக்கும்?" பக்கத்துச் செடியிலிருந்து பழனியம்மாள் கேட்டாள். சுற்றிலும் பறிக்கிற கைகள் நின்றன. அந்த எஸ்டேட்டில் கை நிற்பது அபூர்வம்.

கவிதாவின் குழந்தை ரவிக்கையில் முகத்தைத் தேய்த்து வாயால் தேடியது. தேவகுமாரி இரண்டு விரலால் அதன் நெற்றியைத் தள்ளிப் பிடித்தாள். உண்மையைச் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். நாளை முதல் வேலை இருக்காது, தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியாது, பையனை ஒருத்தரும் தொடமாட்டார்கள். எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லவள். நல்லவளாவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

குழந்தையைத் தூக்கி மாமியார் கையில் திணித்தாள். "கொண்டு போங்க."

கவிதா மூச்சிரைக்க ஏறிவந்து, நடந்ததைக் கேட்டு, தன் குழந்தைக்குப் பாலூட்டினாள். மத்தியானம் கணக்கெழுதுகிற ரைட்டர் எடை போடக் கூப்பிட்டார். பையன் தூங்குகிற தைரியத்தில் தேவகுமாரி பழமூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பையன் கவிதாவின் மடியில் இருந்தான். கவிதா ரவிக்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒன்னும் உன்னாட்டம் இல்ல புள்ள. அழுதா குடுப்பேன், யாரு பிள்ளையா இருந்தாலும்."

வாய் எட்டுவதற்குள் தேவகுமாரி பாய்ந்து அவனைப் பிடுங்கினாள். பையன் வீறிட்டான்.

கவிதா திறந்த மார்போடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூடவேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"எம்பாலு என்ன எருக்கம்பாலா?" என்றாள்.

தேவகுமாரிக்குப் பதில் தெரியும். வீறிடுகிற பையனைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"உடு கவிதா," என்றாள் பழனியம்மாள். "ஜீப்புக்காரன் பொண்டாட்டி. காட்டுப் பாலு குடிச்சா அவ மவன் கலெக்டர் ஆவமாட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். கவிதா மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளையம்மாள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "நாளைக்கு நாஞ்செத்தா தூக்கறதுக்கு நாலு பேரு வேணும் கண்ணு." சோறு தின்றபின் தேவகுமாரி மாத்திரையைப் பிரித்தபோது, அன்றைக்கு மட்டும் மாமியார் கை நீட்டவில்லை.

மறுநாள் காலை பலா மரத்தில் ஒரு தூளிகூட இல்லை. எல்லாவற்றையும் சரிவுக்குக் கீழே இன்னொரு மரத்துக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளையம்மாளும் அங்கேதான் பறித்துக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் நடக்கும் என்று தேவகுமாரி பயந்த ஒதுக்கல், உண்மை தெரியாமலே ஒழுங்காக நடந்து முடிந்திருந்தது. தன் தூளியை ஒற்றையாகக் கட்டினாள். பையன் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். இனி அவனை யாரும் தொடமாட்டார்கள்.

பனி விலகாத பள்ளத்திலிருந்து ஒரு குழந்தை அழுவது கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. செடிக்குள் இருந்த அவளுக்கு மார்பு கடுத்து, ரவிக்கை நனைந்தது. முழங்கையால் அழுத்திக்கொண்டு பறித்தாள். சற்று நேரத்தில் கீழே அழுகை நின்றுவிட்டது. பால் நிற்கவில்லை. ரவிக்கையைத் தாண்டி இறங்கி, இடுப்பில் கட்டிய பையில் சிவந்து கிடந்த பழங்களின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.