ஆறு மணித் தண்ணீர்

நாத்தனார் ஞாயிறு காலை வருவதாக இருந்தது. அதற்குள் தடித்த இலைகளில் நீரைத் தேக்கிவைக்கும் அந்த ஜேட் செடி தேறிவிட வேண்டும் என்பதே மருமகளின் ஒரே கவலை. மறைந்த தன் கணவரின் அலுவலக மேசையிலிருந்து நாத்தனார் எடுத்து வந்த ஒரே பொருள் அது. மாற்றலாகி வேற்றூர் போனபோது, "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று இவள் கையில் ஒப்படைத்திருந்தார்.

வேர்கள் இடமின்றிச் சுருண்டு, தொட்டியின் அடித்துளை வழியே எட்டிப் பார்த்ததால், இரண்டு வாரங்களுக்கு முன் அதை மாற்றி நட்டாள். கறுத்திருந்த ஒரு வேரை நறுக்கி, வெட்டு காய்வதற்காக இரண்டு நாள் நிழலில் கிடத்தி, பருமணல் கலந்த மண்ணில் ஊன்றினாள். இரண்டு வாரத்துக்குத் தண்ணீரே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள்.

ஆனாலும் சனிக்கிழமை மாலை கீழ் இலைகள் கண்ணாடிபோல் வெளிறி, தொட்டவுடன் உதிர்ந்தன. அந்நேரம் பார்த்துத்தான் நாத்தனார் வீடியோவில் அழைத்தார்.

"செடியைக் காட்டேன்."

"வெளிச்சம் பத்தாது அண்ணி. நாளைக்கு நேர்லயே பாருங்களேன்."

பொய் சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். வெட்டியது தவறோ, மண் தவறோ என்று இரவெல்லாம் புரண்டாள்.

காலை ஆறு மணிக்கு எழுந்து வந்தவள் ஜன்னலருகே அப்படியே நின்றுவிட்டாள். மாமனார் டம்ளரைத் தொட்டிக்குள் சாய்த்துக்கொண்டிருந்தார். குடிநீர் வாரியத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள், காலை ஆறு மணிக்கு ஊருக்கே வால்வு திறந்துவிட்டவர்.

"மாமா! தண்ணி வேணாம்னு சொன்னேனே!"

"தண்ணி எங்கம்மா விட்டேன்? அரை டம்ளர்."

"தினமுமா?"

"அரை டம்ளரெல்லாம் ஒரு தண்ணியா? நான் லட்சம் லட்சம் லிட்டரா விட்டவன்."

அவள் செடியைப் பிடுங்கினாள், வேர் கூழாகக் கையோடு வந்தது. கத்தியைத் துடைத்துத் தண்டின் அடியை வெட்டினாள். நடுவில் அழுகலின் பழுப்பு வட்டம். இன்னும் மேலே வெட்டினாள். அங்கும் பழுப்பு. மாமனார் துண்டுகள் விழுவதற்காகச் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார்.

"போயிடுச்சாம்மா?"

"பேசாம பிடிங்க மாமா."

மூன்றாவது வெட்டில், ஒரு சாண் நுனிதான் மிச்சம் இருந்தபோது, தண்டு முழுவதும் பச்சையாக இருந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

பெட்டியோடு உள்ளே வந்த நாத்தனார், தாளில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"அண்ணி, மாத்தி நட்டது நான்தான்..."

"அவ மேல தப்பில்ல" என்று குறுக்கிட்டார் மாமனார். "தினம் தண்ணி விட்டேன்."

"எவ்வளவுப்பா?"

அவர் டம்ளரைக் காட்டினார்.

நாத்தனார் கீழே அமர்ந்து, அந்த நுனியை உள்ளங்கையில் ஏந்தினார்.

"இது பிழைக்குமா?"

"பத்து நாள் காயணும் அண்ணி. அப்புறம் நட்டா வேர் விடும். அதுவரைக்கும் தண்ணி கூடவே கூடாது."

"எனக்கு நாலு நாள்தான் லீவு." அவர் தந்தையை நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஆறு நாள் கேக்குறேன். இங்கயே இருந்து உங்களைக் காவல் காக்கணும். அந்த டம்ளரை முதல்ல என்கிட்ட கொடுங்கப்பா."

மாமனார் தயங்கித் தயங்கி அதை நீட்டினார்.