ஒரே ஓர் எண்

"எனக்கு ஒரே ஓர் எண் போதும், ஹாக்யோங். இங்கேருந்து அங்கே வரைக்கும்னு கோடு போட்டுக் காட்டாத," என்றார் துறைத் தலைவர் தாக். காபிக் கோப்பையை அவளுடைய அறிக்கையின் மேலேயே வைத்திருந்தார்.

தென்கொரியாவின் யோசு கடற்கரையில் இருந்த அம்மோனியா கிடங்கின் பாதுகாப்பு வால்வுகளைப் பற்றிய அறிக்கை அது. தொட்டிக்குள் அழுத்தம் எல்லை மீறினால் அவை தாமாகத் திறக்க வேண்டும்; இல்லையென்றால் தொட்டி வெடித்து நச்சு வாயு காற்றில் பரவும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சோதிப்பதை நான்காக நீட்டலாமா என்பதுதான் கேள்வி. நிறுவனத்தின் எல்லாக் கிடங்குகளையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் தாராளமாக நீட்டலாம். ஹாக்யோங் அப்படிச் செய்யவில்லை. பேய்சியன் என்ற புள்ளியியல் முறைப்படி, மற்றக் கிடங்குகளின் அனுபவத்தை முதல் ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, இடத்துக்கு இடம் எவ்வளவு மாறும் என்பதையும் கணக்கில் சேர்த்தாள். உப்புக் காற்றில் நிற்பது இந்தக் கிடங்கு மட்டும்தான். அதனால் விடை ஓர் எண்ணாக வராமல், வால்வு பழுதாகும் வாய்ப்பு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று அகலமான பட்டையாக வந்தது. அதன் மேல்முனை அவளைப் பயமுறுத்தியது.

"யோசுல இதுவரைக்கும் ஒரு வால்வுகூட மக்கர் பண்ணலையே?"

"அங்க நாம சோதிச்சதே கொஞ்சம்தானே சார். அத வச்சு நல்லாருக்குன்னு சொல்ல முடியாது."

"கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியாதுல்ல?"

முடியாதுதான். அந்த எரிச்சலோடு மறுநாள் யோசுவுக்கு ரயிலேறினாள்.

கிடங்கின் ஷிப்டு தலைவர் மா சங்பே மதியச் சாப்பாட்டில் சோயாவில் ஊறிய நண்டை அவள் பக்கம் தள்ளினார். "பட்டையெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. வால்வு தொறக்குமா, தொறக்காதா? பசங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"தெரியலண்ணே."

"இதச் சொல்லவா சியோல்லேருந்து வந்த?"

அவர் சிரித்தார். அவளுக்கு அழுகை வந்தது. இவருக்கும் ஒரே பதில்தான் வேண்டியிருந்தது.

ஆனாலும் அவள் கேட்டதற்காக, மாற்று வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டுப் பழையதைக் கழற்றிச் சோதனை மேசையில் ஏற்றினார். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியது. வால்வு அசையவில்லை. இன்னும் ஏற்றினார்கள். பிறகுதான் அது பட்டென்று திறந்தது.

அங்கிருந்தே தாக்குக்குப் போன் செய்தாள்.

"தொறந்துச்சா, இல்லையா?"

"தொறந்துச்சு சார், ஆனா ரொம்பத் தாமதமா..."

"தொறந்துச்சுல்ல? சோதனையில தேறிடுச்சுன்னு எழுது. உன் பட்டையும் கொஞ்சம் ஒடுங்கும்."

ஒடுங்கும்தான். எதைக் கொடுத்தாலும் அவளுடைய கணக்கு அதை நம்பிவிடும்.

"நான் அப்படி எழுத மாட்டேன் சார்."

"நீ எழுத வேணாம். எழுத ஆள் இருக்கு." இணைப்பு அறுந்தது.

அவள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த சங்பே கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடலிலிருந்து காற்று தொட்டியைத் தாண்டி, ஆட்கள் இளைப்பாறும் கூடாரத்தின் மேல் வீசிக்கொண்டிருந்தது. "எந்திரிங்கடா," என்றார். முணுமுணுத்துக்கொண்டே எழுந்தவர்கள் கூடாரத்தின் நான்கு கால்களையும் பிடித்துத் தூக்கினார்கள். தொட்டியைச் சுற்றி, காற்றுக்கு எதிராக, துணி படபடக்க அது மெல்ல நகர்ந்துபோனது.