கேப்டன் மறுத்த தவளைத் தாவல்

பட்டாளத்துக்காரர்கள் முகாமுக்குத் திரும்பி நைஜீரியாவுக்கு ஜனநாயகம் வந்தபோது, அது எங்கள் ஊருக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமானது. எங்கள் சாலை அப்படி. அதற்குள் கேப்டன் ஒகுன்ஜிமி சீருடையைக் கழற்றிவிட்டு, ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கக்கூடிய அளவுக்குப் பெரிய அங்கியை மாட்டிக்கொண்டு, உள்ளாட்சித் தலைவர் தேர்தலில் நின்றுவிட்டார்.

சீருடைக் காலத்தில் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு தவளைத் தாவல். வேலைக்குப் பிந்தியவன், வரிசையை மீறியவன், சும்மா சிரித்தவன், எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு குந்தித் தாவ வேண்டும். அந்த நாட்களில் எங்கள் ஊரில் நடந்தவர்களைவிடத் தாவியவர்களே அதிகம். போட்டி தாங்காமல் தவளைகள் ஆற்றைக் கடந்து அக்கரைக்கே போய்விட்டன. என் மனைவி இதை நம்புவதில்லை, நீங்களாவது நம்புங்கள்.

தபால்காரர் அகின்தாயோவைச் சந்தையிலிருந்து ரயிலடி வரை தாவவைத்தார் கேப்டன். பையில் கேப்டனுக்குக் கடிதம் இல்லையாம், அதுதான் குற்றம். அன்றோடு தபால்காரரின் முழங்கால்கள் மடங்க மறுத்துவிட்டன. வேலையும் போனது.

மனித உரிமை விசாரணைக் குழு எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்ததும், முதல் ஆளாகப் போய் நின்றவள் அகின்தாயோவின் மனைவி மொரூன்கேஜி. அகாரா வடை சுடும் கை, அதைவிடச் சூடான வாய். நடந்ததை நடந்தது என்று குழு எழுதிவிட்டால் கேப்டன் தேர்தலில் நிற்க முடியாது. எழுதாவிட்டால் அவர்தான் தலைவர். பிறகு இந்த ஊரில் அவள் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது.

சாட்சிக்கு ஆள் வேண்டுமே! கசாப்புக்காரர் எழுந்தார். "அன்னைக்கு என் கண்ணுல தூசி, மை லார்ட்."

முடிதிருத்துபவர் எழுந்தார். "எனக்கும் அதே தூசிதான்."

குழுத் தலைவரான நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். கேப்டன் அங்கியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "நானா? ஒரு எறும்பைக்கூடத் தாவச் சொன்னதில்லீங்க" என்றார்.

"எறும்பு உங்களுக்கு சலாம் வைக்காதே, அதான் விட்டுட்டீங்க!" என்றாள் மொரூன்கேஜி.

மண்டபமே சிரித்தது. கூரைத் தகரம் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

கேப்டனுக்கு அங்கி மறந்துபோயிற்று. மேஜையில் ஓங்கி அறைந்து, அந்தப் பழைய குரலில் கத்தினார்: "யார்ரா அது சிரிக்கிறது?"

அவ்வளவுதான். ஊர் மொத்தமும் காதைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டது. கசாப்புக்காரர், முடிதிருத்துபவர், கேப்டனின் சொந்த வக்கீல் எல்லோரும். எல்லோருக்கும் முதலில் குந்தியவன் நான்தான். இந்த வயதிலும் என்னை யாரும் முந்த முடியாது. மேடையைப் பார்த்தால் நீதிபதியைக் காணவில்லை. அவரும் பட்டாளத்து ஆட்சியில் வேலை பார்த்தவர்தானே! மேஜைக்கு மேலே அவருடைய பொய்முடித் தொப்பி மட்டும் தெரிந்தது.

நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேப்டன். இன்னொருவர் அகின்தாயோ. ஊன்றுகோலில் தொங்கியபடி முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேர்வை கொட்டியது.

"மன்னிக்கணும் ஓகா ஐயா, மடங்க மாட்டேங்குது" என்றார்.

மேஜைக்கு அடியிலிருந்து நீதிபதியின் குரல் வந்தது. "எழுத்தரே, இதை எழுதிக்குங்க."

"கையில காது இருக்குங்க, ஐயா."

"காதை விடுய்யா, பேனாவைப் பிடி! தாவல் நடந்தது நிரூபணம். கேப்டன் பேரைத் தேர்தல்லேருந்து எடுக்கச் சொல்லி எழுது."

பேனா கீறியது. கேப்டன் மேஜையில் அறைந்த தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒருவரும் எழவில்லை, உத்தரவு வரவில்லையே! நீதிபதி தலையை நீட்டி, "கேப்டன், நாங்க எழுந்திரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

"அந்தாளை எதுக்குக் கேக்குறீங்க?" ஒரு காதை விடாமலே சீறினாள் மொரூன்கேஜி. "என் புருஷனைக் கேளுங்க!"

எல்லாத் தலைகளும் தபால்காரர் பக்கம் திரும்பின. அகின்தாயோ மண்டபத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நிதானமாகப் பார்த்தார்.

"கொஞ்சம் அப்படியே இருங்க" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."